பால் காய்ச்சாத வீட்டின் அட்வான்ஸ் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் நெல்லையிலும் பாளையிலும் யாரும் வீடு மாறுவதில்லை. ஆனால் வீடு பார்ப்பது நிற்பதில்லை. பெருமாள்புரத்திலோ தியாகராஜநகரிலோ பிடித்த வீடு கண்ணில் பட்டதும் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, "ஆவணி பிறந்ததும் வந்துருதோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த முப்பது நாற்பது நாளைக்குள்தான் எல்லாம் நடக்கும். மாற்றல் உத்தரவு ரத்தாகும், பிள்ளைக்கு வேறு பக்கம் பள்ளியில் இடம் கிடைக்கும், வீட்டில் ஒரு துட்டி (சாவு) விழும், அல்லது ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஆயிரம் ரூபாய் குறைவாக இன்னொரு வீடு அமையும். குடி வராமலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை வரும். ஆவணி முதல் வாரத்தில் பத்திர எழுத்தர்களிடமும் வக்கீல் குமாஸ்தாக்களிடமும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "குடிபோகாத வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?"

வீட்டுக்காரர், "குடுத்தது போனதுதான்" என்கிறார். வேண்டாம் என்றவர், "ஒரு நாள்கூட இருக்கலையே, முழுசையும் குடுங்க" என்கிறார். இரண்டும் தப்பு.

முதலில் எந்தச் சட்டம் பேசும் என்று பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் பலரும் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த வாசகம் குடியிருந்து காலி செய்பவருக்கானது. காலடி வைக்காதவர் விஷயத்தில் கை கொடுப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 73-ஆம் பிரிவின்படி, வாக்குத் தவறியவர் எதிராளிக்கு உண்மையில் நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அந்த நஷ்டத்தைக் குறைக்க எதிராளிக்கு வழி இருந்ததா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் ஒரு தொகையை முன்கூட்டியே அபராதமாக எழுதியிருந்தாலும், நியாயமான ஈட்டுக்கு மேல் வாங்க முடியாது. எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. 2015-இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பணப் பறிமுதலுக்கும் இதையே பொருத்தியது. மனை பிறகு அதிக விலைக்கே ஏலம் போயிருந்தது. நஷ்டமே இல்லாத இடத்தில் பறிமுதல் எதற்கு என்பதுதான் அங்கே கேள்வி.

ஆகவே வீட்டை இரண்டு மாதம் பூட்டிப் போட்டுவிட்டு, "அக்ரிமென்ட்ல பதினொரு மாசம்னு இருக்கு, பதினொரு மாச வாடகையைக் குடு" என்று கேட்பது செல்லாது. 'வாடகைக்கு விடப்படும்' போர்டை மறுபடி மாட்டியாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். மாத வாடகை 9,000. முன்பணம் 45,000. ஆவணி ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் 17, குடி வருவதாகப் பேச்சு. ஆகஸ்ட் 10-ஆம் தேதி வரவில்லை என்று சொல்கிறார். வீட்டுக்காரர் அன்றே போர்டு மாட்டுகிறார். செப்டம்பர் 1-இல் வேறொருவர் வருகிறார். ஆகஸ்ட் 17 முதல் 31 வரை 15 நாள், நாளைக்கு 300 வீதம் 4,500. இரண்டாவது ஆளைப் பிடிக்க வீட்டுக்காரர் தன் கையிலிருந்து புரோக்கருக்குக் கொடுத்தது 3,000. முதல் ஆள் கேட்டதற்காக ஓர் அறைக்கு மட்டும் நீலம் அடித்த செலவு 2,500. மொத்தம் 10,000. திருப்ப வேண்டியது 35,000. புதியவர் ஆகஸ்ட் 17-ஆம் தேதியே வந்துவிட்டால் அந்த 4,500 கிடையாது. வீடு முழுக்க எப்போதும் அடிக்கும் வெள்ளைக்கு ஆன செலவை இதில் சேர்க்கக் கூடாது. அது யார் வந்தாலும் அடிக்க வேண்டியது.

இதில் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. முன்பணத்தோடு முதல் மாத வாடகையையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள். "வாடகையை வச்சுக்கிடுதேன், அட்வான்ஸ்லயும் ஒரு மாசம் பிடிக்கேன்" என்றால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை வாங்கியதாகிறது. வாங்கிய பணம் எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டி, அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

ஆடி மாதத்து வாதம் ஒன்றும் உண்டு. "உங்களுக்காகத்தானே ஆடி பூரா வீட்டைச் சும்மா போட்டேன்" என்பார்கள். இது பாதிதான் சரி. நடுவில் கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது உண்மையான நஷ்டம். வந்தவர் யார், எந்தத் தேதி என்று சொல்ல முடிய வேண்டும். யாருமே வராத ஆடிக்கு வாடகை கேட்பது எங்கள் பார்வையில் நியாயமில்லை. அந்த மாதம் எப்படியும் அந்த வீடு காலியாகத்தான் கிடந்திருக்கும். ஐகிரவுண்ட் பக்கத்து வீடுகள் விதிவிலக்கு. அரசு மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் வருகிறவர்கள் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை.

அடுத்தது சாவி. குடி வரவில்லை என்பதற்கும் வீட்டைக் கையில் வாங்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து, பாலைக் காய்ச்சி, ஒரு குடம் தண்ணீரும் உப்பும் மஞ்சளும் வைத்துப் பூட்டிவிட்டு, "சாமான் ஆவணியில வரும்" என்று போகிற வழக்கம் இங்கே இருக்கிறது. ஆடிக்கு முந்திக்கொள்வதாக நினைப்பு. ஆனால் சாவி கைமாறிவிட்டது. சட்டத்தின் கண்ணில் அன்றே அவர் வாடகைக்காரர். பிறகு வேண்டாம் என்றால் பத்திரத்தில் எழுதியிருக்கிற இரண்டு மாத முன்னறிவிப்பு வரும், அந்த நாள் முதல் வாடகையும் வரும். பத்திரமே எழுதாத மாத வாடகையாக இருந்தால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் முன்னறிவிப்பு. மனது உறுதிப்படாதவர்கள் பாலைக் காய்ச்ச அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்காரர் பக்கம் குறை இருந்தால் கணக்கே மாறுகிறது. சொன்ன தேதியில் சாவி தராதது, பழைய ஆள் காலி செய்யாதது, ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கியது, அண்ணன் தம்பி பொதுச் சொத்தை ஒருவர் மட்டும் தனதென்று விட்டது ஆகியவற்றில் முழுப் பணமும் திரும்ப வேண்டும். லாரிக்கு, ஆளுக்கு முன்பணம் கொடுத்து அது வீணாகியிருந்தால் அதையும் கேட்கலாம்.

மறைத்த குறையும் அப்படித்தான். நம் ஊரில் அதற்கு வெள்ளம்தான் முதல் உதாரணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டை, கைலாசபுரம், சந்திப்பு பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது. அந்தத் தரைத்தள வீடுகள் இன்றைக்குப் பளிச்சென்று பெயின்ட் அடித்து நிற்கின்றன. வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் கீழே குனிந்து பார்க்க வேண்டும். மரக்கதவின் அடிப்பாகம் உப்பி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். இரும்பு கேட்டின் கீழ்க் குறுக்குக் கம்பியில் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு பொங்கியிருக்கும். பிளக் பாயின்ட் எல்லாம் முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருக்கும், பழைய பெட்டி இருந்த இடம் சிமென்ட் பூசி மூடப்பட்டிருக்கும். படிக்கட்டுக்கு அடியில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, தண்ணீர்க் கோடு அங்கே தெரியும்.

பார்த்தால் போதாது, கேட்கவும் வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும்: "2023 டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? எவ்வளவு உயரம்?" காரணம் இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் மற்றவருக்குத் தெரியாத குறையைத்தான் அவர் தானாகச் சொல்லக் கடமைப்பட்டவர். ஊருக்கே தெரிந்த வெள்ளத்தைக் கேட்காமல் விட்டால், "கண் இருக்குல்லா, பாத்துத்தானே அட்வான்ஸ் குடுத்தீரு" என்று பதில் வரும். கேட்டு, இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யை வைத்தே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். போர் தண்ணீர் உப்பு, குடிநீர் இணைப்பு இல்லை, மோட்டார் பொது என்பவற்றையும் அதே செய்தியில் கேட்டுவிடுவது நல்லது.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். புரோக்கரிடம் சொன்னால் வீட்டுக்காரரிடம் சொன்னதாகாது. புரோக்கர் அடுத்த ஆளைப் பிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பத்து நாள் வாயை மூடியிருப்பார். அந்தப் பத்து நாள் வாடகை உங்கள் அட்வான்ஸிலிருந்து போகும். முடிவெடுத்த அன்றே போன் செய்ய வேண்டும். போனை வைத்ததும் எழுத்தில் அனுப்ப வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டியவை: வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகை, எப்படிக் கொடுத்தது, நான் குடி வரவில்லை, இன்று முதல் வேறு யாருக்கும் விடலாம் என்ற சம்மதம், மீதிப் பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு. இவற்றில் உயிரான வரி 'இன்று முதல் வேறு யாருக்கும் விடலாம்' என்பதுதான். அந்தத் தேதியோடு 'உங்களுக்காகக் காத்திருந்தேன்' என்ற பேச்சு நின்றுவிடுகிறது. காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். மாமனாருக்கு உடம்பு சரியில்லை, சகுனம் சரியில்லை என்று நீட்டினால் பேச்சு அதைச் சுற்றியே போகும், பணத்துக்கு வராது.

சாவி வாங்கியிருந்தால் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, 'சாவி பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதி வாங்க வேண்டும். மின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு யூனிட்கூட ஓடாத மீட்டர், குடியிருக்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. பணம் வாங்கும்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பிரதிகளிலும் 'ரத்து' என்று குறுக்கே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு பிடித்தம், எவ்வளவு திருப்பம், இனி பாக்கி இல்லை என்ற வரி வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு.

"அடுத்த ஆள் அட்வான்ஸ் குடுத்ததும் உமக்குத் தாரேன்" என்பது பொய் என்று சொல்ல மாட்டோம். பெரும்பாலும் உண்மைதான். வாங்கிய பணம் வாங்கிய அன்றே நகைக்கடன் திருப்பவோ பிள்ளை ஃபீஸ் கட்டவோ போயிருக்கும். ஆனால் அடுத்த ஆள் எப்போது வருவார் என்பதற்கு எல்லை வேண்டும். தேதி போட்ட காசோலையாக வாங்கிக்கொண்டால் எல்லை வந்துவிடும். காசோலை அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். பணமில்லாமல் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாள் கணக்கில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்றும் நடக்காவிட்டால் ஒப்புகையோடு அஞ்சலில் ஒரு கடிதம், பிறகு வக்கீல் நோட்டீஸ். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவது வீண். இது பணம் கொடுக்கல் வாங்கல் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரே வீட்டைக் காட்டிப் பலரிடம் வாங்கியிருந்தால்தான் அங்கே வேலை. இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய்க்கு ஏற்ற இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்கே போடாமல், கட்டணம் இல்லாமல் மனு கொடுக்கலாம். எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். சிவில் வழக்குக்கு மூன்று வருடம் கெடு. வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியாகக் காட்ட அதற்கான சான்றும் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் போனை மாற்றும்வரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள், மாற்றும்போதும் எடுத்து வையுங்கள்.

ஒத்திக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வாடகையில் போவது சில ஆயிரம், ஒத்தியில் சிக்குவது லட்சங்கள். நம் பக்கத்தில் 'லீஸுக்கு வீடு' என்றாலே ஒத்திதான். நான்கு லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வங்கிக் கடனிலோ கல்யாணச் செலவிலோ போட்டுவிடுகிறார். பத்து நாள் கழித்து வேண்டாம் என்றால் அவரிடம் கொடுக்கப் பணம் இல்லை, இன்னொரு ஒத்திக்காரர் வந்தால்தான் உண்டு. ஒத்தித் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பத்திரம் பதிவானால்தான் வீட்டின் மேல் பிடி கிடைக்கும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கியது, கையில் ஒரு கடன் சீட்டு வைத்திருப்பதற்கு மேல் பெரிதில்லை. முத்திரைத் தீர்வை குறைந்த பத்திரத்தைக் கோர்ட்டில் காட்டப் போனால், குறைவையும் அதற்குப் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்ட நேரும்.

ஆகையால் ஒத்தியில் பேச்சு முடிந்த அன்று சிறு டோக்கன் மட்டும் கொடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். மீதிப் பணம் சாவி வாங்கும் அன்று, பதிவு முடிந்த கையோடு, வங்கி வழியாக. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் இதை நினைவுபடுத்தலாம்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதும் முக்கியம். உரிமையாளர் துபாயிலோ மும்பையிலோ இருப்பார், சாவி தம்பியிடமோ மேல்மாடிக்காரரிடமோ இருக்கும். அட்வான்ஸைத் தம்பி கையில் ரொக்கமாகக் கொடுத்தால் திருப்பிக் கேட்கும்போது அண்ணன், "எனக்கு வரலையே" என்பார். உரிமையாளர் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்பி, குறிப்பு இடத்தில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று எழுதுங்கள். புரோக்கர் கமிஷனை டோக்கன் கொடுத்த அன்றே கொடுக்காமல் சாவி வாங்கும் அன்று தருவதாகப் பேசிக்கொள்வதும் நல்லது. கொடுத்த கமிஷன் திரும்பி வருவது அபூர்வம்.

கடைசியாக, டைப்பிங் சென்டர் நடத்துபவர்களுக்கும் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோர்ட்டைச் சுற்றியும் பதிவு அலுவலகங்களைச் சுற்றியும் உள்ள கம்ப்யூட்டர்களில் இருப்பது ஒரே பதினொரு மாதப் பத்திரம்தான். பெயரும் தொகையும் மட்டும் மாறும். முன்பணத்துக்கு வட்டியில்லை, ஆணி அடிக்கக் கூடாது, உள்வாடகை விடக் கூடாது, காலி செய்ய இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என எல்லாம் இருக்கும். குடி வராமல் போனால் என்ன என்ற ஒரு வரி இருக்காது. சண்டை முழுவதும் அந்த இல்லாத வரியில்தான். முன்பணம் பற்றிய பத்திக்கு அடுத்து இதைச் சேர்க்கலாம்:

"குடிவரும் தேதிக்கு 15 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து வாடகைதாரர் விலகினால், முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் உரிமையாளர் திருப்பித் தர வேண்டியது. அதற்குப் பின் தெரிவித்தால், குடிவரும் தேதியிலிருந்து வேறு நபர் குடிவரும் நாள் வரைக்குமான வாடகையை, அதிகபட்சம் ஒரு மாத வாடகைக்கு உட்பட்டு, பிடித்தம் செய்து மீதியைத் தெரிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தர வேண்டியது. உரிமையாளர் குறித்த தேதியில் வீட்டை ஒப்படைக்கத் தவறினால் முன்பணம் முழுவதையும் ஒரு மாத வாடகையையும் சேர்த்து உடனே தர வேண்டியது."

நாள் கணக்கையும் தொகையையும் இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். டோக்கன் மட்டும் கொடுக்கும்போது பத்திரம் எழுதமாட்டார்கள் என்பதால், இதே வாசகத்தை ரசீதின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.